நில் என்றால்

தீவனம் தள்ளும் ரோபோவின்
இடது சக்கரத்து மோட்டார் கன்ட்ரோலர்
ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிய இடத்தில்
சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது.
மூடியைத் திறந்ததும் அந்த வாடை:
கருகிய பிளாஸ்டிக், கொஞ்சம் மீன்.
மீன் எப்படி வந்தது என்கிறான் ஸ்டெய்ன்தோர்.
எரிந்த பலகைகள் எல்லாமே
இப்படித்தான் நாறும், ஏனென்று கேட்டதில்லை.

எட்டு டிரான்சிஸ்டர்களில்
எதிரெதிர் மூலையில் இரண்டு
வெடித்து வயிற்றைக் காட்டுகின்றன.
மிச்சம் ஆறும்
சாவு வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் போல
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

"புதுசு வாங்கிடலாம்" என்று விலை சொல்கிறான்.
ஒரு கிடாரியின் விலை,
மேலே வரி, மேலே கப்பல் கூலி.
பதினோரு நாளாகும்,
ஒக்ஸ்னதால் மலைப்பாதை திறந்திருந்தால்.
பாதையை இன்று காலைதான் மூடினார்கள்.

என் இழுப்பறையில் டிரான்சிஸ்டர் இருக்கிறது.
தால்விக் துறைமுகத்தில் ஒன்பது வருடம்
படகுகளின் சோனாருக்குப் பழுது பார்த்தவள்,
ஆடும் மேசையில் ஈயம் உருக்கிய கை.
ஒன்றேகால் மணி நேரம்.
செத்த இரண்டையும் பிடுங்கி
கரியைச் சாராயத்தால் துடைத்து
புதியவற்றை உட்கார வைத்து
மீட்டரின் இரு முனைகளால் விசாரித்தேன்.
மூடியிருக்கிறாயா? மூடியிருந்தது.
திறப்பாயா? திறந்தது.
மேசைமேல் மோட்டார் சுற்றியது,
உப்புக் குப்பிகூட நடுங்காமல்.

ஸ்டெய்ன்தோர் ஒரு காலில் பூட்ஸ் மாட்டிவிட்டான்.
பொறு என்றேன்.

அந்தச் செவ்வாய் இரவு
இது நின்று சாகவில்லை,
ஓடிக்கொண்டே செத்தது.
உள்ளே உலோகம் உருகி உலோகத்தோடு ஒட்ட
'நில்' போய்ச்சேரும் வழி அடைந்துபோய்
இடது சக்கரம் மட்டும் முழு வேகத்தில்,
அறுநூறு கிலோ தன்னைத்தானே சுற்றி வந்து
ஹூஃபாவை இரும்புத் தடுப்போடு சேர்த்து அழுத்தியது.
சிகப்புப் பொத்தானை அடிக்க
தீவனத்தில் வழுக்கிக்கொண்டு ஓடினாள் உக்லா.
பதினான்கு வயது அவளுக்கு.
ஹூஃபா இன்னும் முன்னங்காலை ஊன்றுவதில்லை.

"அப்ப உன் வேலையை நீயே நம்பலையா?"
என் ஈயத்தை நம்புகிறேன்.
நான் தொடாத ஆறைத்தான் சந்தேகிக்கிறேன்.
அன்றைக்கு அதே சூட்டில் நின்றவை அவை.
எது பாதி வெந்தது, எது வேகவில்லை என்று
மீட்டருக்கு இன்றைய கணக்குத்தான் தெரியும்.
வியாழன் விடியற்காலை நாலு மணியைக் கேட்டால்
அது முள்ளை அசைக்காது.

அவன் அந்த ஒற்றை பூட்ஸோடு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.
பிறகு போனை எடுத்தான்.

புதியது வருவதற்குள்
பழையது ஏன் வெடித்தது என்று தேடினோம்.
ஈரம் இல்லை. எலி இல்லை.
இடது அச்சைக் கழற்றியபோது
முடிபோல இறுகிச் சுற்றிய நீலக் கயிறு,
முழங்கை நீளத்துக்கு.
எங்கள் வைக்கோல் கட்டின் கயிறுதான்.
அறுத்து அங்கேயே போட்டது
நானா அவனா என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
மூச்சு முட்ட இழுத்திருக்கிறது மோட்டார்,
கேட்ட மின்சாரத்தையெல்லாம்
கொடுத்திருக்கிறது இந்தப் பலகை.
கயிறை விட்டிருந்தால்
கிடாரி விலைக்கு வருவதும் எரிந்திருக்கும்.

பதினோரு நாள் பத்தொன்பதாயிற்று.
மண்வாரியால் தீவனம் தள்ளினோம்,
நாளைக்கு ஆறு தடவை.
என் வலது தோள் அதை இன்னும் மறக்கவில்லை.

நான் பழுது பார்த்ததைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.
கோழிக்கூண்டுக் காற்றாடிக்குப் பூட்டினேன்.
அங்கே அது நிற்க மறந்தாலும்
கோழிகளுக்குக் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

பள்ளி விட்டு வந்ததும்
பையைக்கூட இறக்காமல் உக்லா
தினமும் அதை ஒருமுறை அணைத்துப் பார்க்கிறாள்.
நிற்கிறது.
இறக்கைகள் அசையாமல் ஆகும்வரை பார்த்துவிட்டு
மறுபடி ஓட விடுகிறாள்.